தனியடுப்பு மூட்டிய தீவு

அடியில் அலைகள் முழங்க, ஆழ்கடலினின்று செங்குத்தாய் எழுந்த பவழப்பாறையின் உச்சியில், தென்னைகள் நிழல் பரப்ப, வெண்சுவர் வீடுகள் விரவி நின்ற மூத்தலாவ் ஊரின்மேல் மாலைக் கதிரவன் தேனொழுக்கென ஒளி சொரிந்துகொண்டிருந்தான். பசிபிக் பெருங்கடலின் நியுவேத் தீவு தன்னைத் தானே ஆள்வதா, நியூசிலாந்தின் ஆட்சியிலேயே நீடிப்பதா என மக்கள் வாக்களிக்கும் நாள் நெருங்கிவிட்டமையால், ஊரார் அனைவரும் மன்றத்தில் பாய் விரித்துக் கூடியிருந்தனர்.

படகோட்டிகளுக்குத் தலைவனான பலாமோ எழுந்தான். அவன் ஒரே மகள் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தாள்.

"நாம தனியாப் போனா அவங்க கதவைச் சாத்திடுவாங்க. எம் பொண்ணைப் பாக்க நான் யாரு கால்ல விழறது? எனக்கு வேணாம்பா இந்த வம்பு."

அவன் மனைவி மோகாலேயின் நெஞ்சிலும் அவ்வச்சம் முள்ளெனத் தைத்தே இருந்தது. ஆயினும், தன் மண்ணில் எது நடக்கவேண்டும் என்பதைக் கடலுக்கு அப்பாலிருந்து பிறர் முடிவு செய்தல் அதனினும் பெருநோவாய் அவளை வருத்திற்று. கணவனை மறுத்து மன்றில் அதுவரை பேசியறியாத அவள், எழுந்து, விளக்கம் தர வந்திருந்த நியூசிலாந்து அதிகாரியை நேர்நோக்கினாள்.

"ஐயா, நாங்க தனியா அடுப்பு மூட்டினாலும் உங்க நாட்டுக் குடிமக்கள்தானா? எங்க பிள்ளைங்க எப்பவும்போல வந்து போகலாமா?"

"ஆமாம்மா. சட்டத்துலயே எழுதறோம்."

"உங்க பேச்சுக்கு ஒரு நாள் நாங்க மாட்டோம்னு சொன்னா?"

அவர் சற்றே தயங்கிப் பின் முறுவலித்தார். "சொல்லுங்க. அதுக்குத்தானே இதெல்லாம்."

"பாத்து ஐயா! முப்பது வருசமா என்கிட்ட மாட்டேன்னு சொல்லியே பழகினவ," என்று பலாமோ முனக, மன்றமே சிரிப்பில் அதிர்ந்தது.

வாக்களித்து வீடு திரும்பும் வழியில், "நான் வேணாம்னுதான் போட்டேன், மோகா," என்றான் அவன்.

"தெரியும். நான் வேணும்னு போட்டேன். சேம்பு வெந்திருக்கும், வா."

பெரும்பான்மையோர் தன்னாட்சியையே வேண்டினர். கொடியேறிய திருநாளில், மூத்தோன் என்னும் முறைமையால் பலாமோவே ஊருக்காகப் பேசவேண்டியதாயிற்று. தோற்றவன் என்ன சொல்வானோ எனப் முன்வரிசையில் அமர்ந்த புதிய ஆட்சியாளரும் பின்னே ஊராரும் காத்திருக்க, மோகாலே பாயின் ஓரத்தை இறுகப் பற்றினாள்.

"நான் வேணாம்னு சொன்னவன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. இதுவரைக்கும் தப்பு நடந்தா, திட்டறதுக்குக்கூடக் கடல் தாண்டிப் போகணும். இனிமே அந்த வேலை இல்ல. அதோ, முன்வரிசையில வசதியா உக்காந்திருக்காங்க!"

முதலில் நகைத்தவர் முன்வரிசையினரே. கண்ணில் நீர் துளும்பச் சிரித்தவாறே மோகாலே நகர்ந்து அவனுக்கு இடம் தந்தாள்.

ஆண்டுகள் செல்லச் செல்ல இளையோர் பலர் கடல் கடந்தனர். வீடுகள் சில வெறுமையுற்றன. ஆயினும் எஞ்சியோர் கூடிய மன்றில், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எழுந்த ஒவ்வொரு குரலும், அம்மண்ணிலேயே பிறந்து அம்மண்ணிலேயே விடை கண்டது. உறவை அறுக்காமலே உரிமையைப் பெற்ற சிறு கூட்டத்தார் அவர். பெரியதொரு நாட்டினருகே நின்றமையால் அவர் சிறுத்துப் போகவில்லை.