எட்டுக் கால் நட்சத்திரம்

நடுக்குளிர்காலத்தில், ஒரு விடியலில், கார்த்திகை மீன்கள் கடலுக்கு மேலே மீண்டும் தலைகாட்டும்போது மாவோரி மக்களாகிய எங்களுக்கு ஆண்டு பிறக்கிறது. அவற்றை நாங்கள் மாத்தாரிக்கி என்கிறோம். அந்த வாரத்தில் ஓப்போத்திக்கி ஊரில் குழந்தைகள் உள்ள வீடுகளின் தரையெல்லாம் ஹரக்கேக்கே ஓலையின் சிம்புகளால் நிறைந்திருக்கும். தாழையைப் போல் நீண்ட வாள் இலைகளை உடைய அந்தப் புதர் எங்கள் வீட்டின் பின்புறத்திலும் செழித்து நிற்கிறது. என் கணவர் ஹாமுவேராவும் எங்கள் மகள் ஹினேவாயும் சென்ற ஆண்டு அதைக் கொண்டு செய்த பொருளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஹாமுவேரா காட்டிலிருந்து துறைமுகத்திற்கு மரம் ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர். அவருடைய வீட்டில் மாவோரி மொழி பேசப்படவில்லை. பிள்ளைக்கு வேலை கிடைக்க ஆங்கிலம் போதும் என்று அவருடைய பெற்றோர் எண்ணினர். நானோ அம்மொழியிலேயே வளர்ந்தவள். முப்பத்து நான்காம் வயதில் அவர் மாலை வகுப்பில் சேர்ந்தார். ஆறு மாதம் சென்றபின் ஒரு திருமணத்தில் விருந்தினரை வரவேற்கும் பொறுப்பை அவராகவே கேட்டு வாங்கினார். வாசலில் நிமிர்ந்து நின்று, "வாருங்கள்" என்பதற்கு மாறாக, "போய் வாருங்கள்" என்று முழங்கிவிட்டார். எங்கள் மொழியில் இரண்டிற்கும் இடையே ஓர் அசைதான் வேறுபாடு.

மட்டிப் பண்ணைப் படகில் வேலை செய்யும் அவருடைய சிற்றப்பா மகன் தியாக்கி அன்று அருகில் இருந்தான்.

"டேய் ஹாமு, வந்தவங்கள சாப்பிடக்கூட விடாம தொரத்துறியே," என்றான். "உன் மாவோரியக் கேட்டா மட்டிகூட ஓட்டச் சாத்திக்கும்டா."

எல்லாரும் சிரித்தனர். ஹாமுவேராவும் சிரித்தார். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வகுப்பிற்குச் செல்லவில்லை. அதன் பின்னர் இரண்டு ஆண்டுகள் மாவோரியில் ஒரு சொல்லும் பேசவில்லை. ஹினேவாயை மழலைப்பள்ளியில் சேர்த்த பிறகே மீண்டும் வகுப்பிற்குச் சென்றார். அப்பள்ளியின் வாசற்படியைத் தாண்டினால் பெற்றோரும் மாவோரி மொழியில்தான் பேச வேண்டும். ஆதலால் அவர் பல மாதங்கள் மகளை வாசற்படி வரை மட்டும் கொண்டுபோய் விட்டு, தலையசைத்துவிட்டுத் திரும்பினார். எவரிடமும் எந்தச் சொல்லுக்கும் பொருள் கேட்பதில்லை என்பது அவருடைய கொள்கை. என்னிடமும் கேட்டதில்லை.

மாத்தாரிக்கி வாரத்தின் திங்கட்கிழமை பள்ளியிலிருந்து மழையில் நனைந்த ஒரு சீட்டு வந்தது. ஒவ்வொரு குழந்தையும் வீட்டில் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து ஐந்து பொருள்களைச் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பெரியவர் அவற்றை எல்லார் முன்னிலையிலும் காட்டிச் சில சொற்கள் பேச வேண்டும். ஹாமுவேரா அதைப் படித்து மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இந்தத் தடவை நான் பேசுறேன்," என்றார்.

நான் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மூன்று நாள் மழை பெய்தது. மழையில் ஹரக்கேக்கேயை வெட்டுவது எங்கள் வழக்கமன்று. காட்டுப் பாதைகள் சேறாகிவிட்டதால் லாரிகளும் ஓடவில்லை. வியாழக்கிழமை முற்பகலில் வானம் வெளுத்ததும் தந்தையும் மகளும் கத்தியோடு புதரின் முன் நின்றனர். ஹினேவாய்க்கு அப்போது நான்கரை வயது. ஹாமுவேரா தலை குனிந்து வேண்டுதலை முணுமுணுத்துவிட்டு இலைகளை விலக்கினார்.

"நடுவுல இருக்கறது பிள்ளை," என்றாள் ஹினேவாய். "ரெண்டு பக்கமும் அம்மா அப்பா. அவங்கள வெட்டக் கூடாது."

"தெரியும் தாயே."

"ஓரத்துல இருக்கறதத்தான் வெட்டணும்."

"அதத்தான வெட்டுறேன். கொஞ்சம் தள்ளி நில்லு, மேஸ்திரி."

அவ்வளவு பெரிய கைகள் அவ்வளவு சிறிய கத்தியை இலையின் அடியில் சாய்வாக வைத்து, உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக இழுத்து அறுத்ததைச் சன்னலின் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்குருத்தின்மேல் ஒரு கீறலும் விழவில்லை. பிறகு கிவிப் பழக் கிடங்கில் என் வேலை நேரம் வந்துவிட்டமையால் புறப்பட்டேன்.

ஆறு மணிக்குத் திரும்பியபோது சமையலறை மேசையின்மீது எட்டுக் கால்களோடு ஐந்து பேய்க்கணவாய்கள் அமர்ந்திருந்தன.

அவை மிக நன்றாக அமைந்திருந்தன என்பதை நான் முதலில் சொல்லியாக வேண்டும். இலையின் விளிம்பையும் நடு நரம்பையும் நீக்கி, எஞ்சிய பட்டையை உருட்டி முடிந்து தலையாக்கி, அதற்குக் கீழே கட்டை விரல் நகத்தால் எட்டுக் கீற்றுகளாகக் கிழித்திருந்தார். கத்தியின் முதுகை ஒவ்வொரு கீற்றின்மீதும் அழுத்தி இழுத்ததால் கால்கள் சுருண்டு, தண்ணீருக்குள் இருப்பவை போலவே வளைந்து நின்றன. கண்களாக என் பழைய வேலைச் சட்டையின் பொத்தான்கள் தைக்கப்பட்டிருந்தன. எஞ்சிய சிம்புகளை ஹினேவாய் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் புதரின் அடியிலேயே இட்டுவிட்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் ஹாமுவேரா.

"உயிரோட இருக்கு. அந்தச் சீட்டக் கொஞ்சம் காட்டு, ஹாமு."

"எதுக்கு? எனக்குப் படிக்கத் தெரியும்."

என்றாலும் சீட்டு மேசைக்கு வந்தது. அது மழையில் நனைந்து காய்ந்திருந்தது. பள்ளி கேட்டிருந்தது ஐந்து ஃபெத்தூ, அதாவது ஐந்து நட்சத்திரங்கள். மாத்தாரிக்கிக்கு வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் அச்சொல்லின் பின்பாதியை மழை கரைத்துவிட்டிருந்தது. எஞ்சியிருந்தது "ஃபெ" மட்டுமே. முந்தைய வாரம் அவருடைய வகுப்பில் கடல்வாழ் உயிர்களின் பெயர்களை நடத்தியிருந்தார்கள். பேய்க்கணவாய்க்கு எங்கள் சொல் ஃபெக்கே.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் பேச வேண்டிய நான்கு வாக்கியங்கள் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்தன. நான் உண்மையைச் சொன்னால் அந்தத் தாளைக் கிழித்துவிடுவார். சொல்லாவிட்டால் ஊரார் முன்னிலையில் தலைகுனிவார். இரண்டில் எதன் முடிவிலும் அவர் வாய் மீண்டும் அடைத்துக்கொள்ளும் என்று அஞ்சினேன். சீட்டை மடித்து அவரிடமே கொடுத்தேன்.

ஹினேவாய்க்குப் போர்வை போர்த்தும்போது மெல்லக் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல ஹூஹானா அத்தை என்ன செஞ்சு கொண்டுவரச் சொன்னாங்க?"

"நட்சத்திரம்."

"அப்பாகிட்ட சொல்லலியா?"

"அப்பா கேக்கவே இல்ல," என்றாள். சற்று யோசித்துவிட்டு, "எட்டுக் காலையும் மாவோரில எண்ணுனாரும்மா. அஞ்சு தடவ. ஒரு தடவகூடத் தப்பே வரல," என்றாள்.

அவருக்குச் சொல்வதில்லை என்று முடிவு செய்து விளக்கை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும், கூரையிலிருந்து தூண்டில் நரம்பில் தொங்கிய நட்சத்திரங்கள் எங்கள் தலைகளை உரசின. அவை நூற்றுக்குக் குறையாதவை. ஹாமுவேரா அண்ணாந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த பையைப் பார்த்தார். அவருடைய காதுகள் சிவந்ததை நான் பின்னாலிருந்து கண்டேன். வாசல் இன்னும் திறந்தே இருந்தது. லாரி ஓட்டுநருக்கு எந்நேரமும் ஏதேனும் அவசர வேலை வரக்கூடும். அவர் வெளியேறியிருந்தால் எவரும் தவறாக எண்ணியிருக்க மாட்டார்கள். அவர் வெளியேறவில்லை. சிறு நாற்காலி ஒன்றில் முழங்கால் மார்பைத் தொட அமர்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

தியாக்கியும் தன் மகனோடு வந்திருந்தான். அவன் தன் ஐந்து நட்சத்திரங்களையும் காட்டி, பிழையில்லாமல் பேசி அமர்ந்தான். ஆசிரியை ஹூஹானா, "அடுத்து ஹினேவாயின் அப்பா," என்றார்.

ஹாமுவேரா எழுந்தார். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த நான்கு வாக்கியங்களில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. ஒரு பேய்க்கணவாயைத் தலையைப் பிடித்து வெளியே எடுத்தார்.

"சீட்டுல ஃபெத்தூன்னு இருந்துச்சு," என்றார், மாவோரி மொழியில், ஒவ்வொரு சொல்லாக. "நான் ஃபெக்கேன்னு படிச்சேன். என் மகளுக்குத் தெரியும். நான் அவளக் கேக்கல."

முதலில் சிரித்தவன் தியாக்கிதான். பின்னர் அறை முழுவதும் சிரித்தது; ஹூஹானா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹாமுவேரா அசையாமல் நின்றார். சிரிப்பு ஓயும்வரை, ரயில் கடக்கக் காத்திருக்கும் ஓட்டுநரைப் போலக் காத்திருந்தார். அத்தனை மரம் ஏற்றிச் செல்லும் அந்த மனிதர் அந்நேரத்தில் சுமந்ததே மிகப் பெரிய பாரம் என்று நான் இன்றும் கருதுகிறேன்.

"அடுத்த வருஷம் சுறா கொண்டு வா, ஹாமு," என்றான் தியாக்கி.

"நீ பல்லக் குடு, செஞ்சுடலாம்," என்றார் ஹாமுவேரா. அதுவும் மாவோரி மொழியில்தான். அதில் ஓர் அசைகூடப் பிசகவில்லை. இப்போது தியாக்கியைப் பார்த்து எல்லாரும் சிரித்தனர்.

அதற்குள் குழந்தைகள் அவரைச் சூழ்ந்துவிட்டிருந்தனர். அவர் தரையில் அமர்ந்து, ஒரு காலைப் பிடித்து, "தாஹி," என்று ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். எட்டாவது கால்வரை அத்தனை பிள்ளைகளும் அவரோடு கத்தி எண்ணினர்.

"அத்தை, இத வாயித்தாவுக்குக் கீழ கட்டுங்க," என்றாள் ஹினேவாய். மாத்தாரிக்கியின் விண்மீன்களுள் வாயித்தா கடல் தரும் உணவுக்கு உரியது. ஹூஹானா ஏணியை எடுத்து வந்தார். ஐந்து பேய்க்கணவாய்களும் நட்சத்திரங்களுக்கு நடுவே, சுருண்ட கால்கள் காற்றில் அசைய, அம்மாதம் முழுவதும் தொங்கின.

செவ்வாய்க்கிழமை மாலை வந்தது. அவர் வகுப்பிற்குச் செல்வாரா என்று நான் பாத்திரம் துலக்குவதைப்போல் நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். காலணியை மாட்டியவர், ஒரு காலோடு நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். கையில் பள்ளியிலிருந்து வந்த புதிய சீட்டு இருந்தது. அது நனையவில்லை. ஒரு சொல்லின் கீழே விரலை வைத்திருந்தார்.

"பிரி, இது என்ன?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

ஒன்பது ஆண்டு மணவாழ்க்கையில் அவர் என்னிடம் கேட்ட முதல் சொல் அது. கையைத் துடைத்துக்கொண்டு, பொறுமையாகவே படித்தேன்.

"பொத்தாய். தொப்பி. குளிருக்குத் தொப்பி குடுத்து அனுப்பச் சொல்றாங்க."

"தொப்பியா?"

"ஆமா. ஏன், நீ என்ன நெனச்ச?"

ஹினேவாய் மேசைக்கு அடியிலிருந்து கூர்மையாகச் சீவிய ஒரு மரத்துண்டை எடுத்து எனக்குக் காட்டினாள்.

"பொத்தாக்கா," என்றாள். "பம்பரம். பாதி முடிச்சுட்டோம்."

"மீதியையும் முடிச்சுடுங்க," என்றேன்.

ஹாமுவேரா மற்றக் காலணியையும் மாட்டிக்கொண்டு, "பொத்தாய், பொத்தாக்கா," என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லியவாறே வகுப்பிற்குப் புறப்பட்டார்.