படுக்கையறை ஏசி போன இடம்

கோடை தொடங்குகிற நேரம் பார்த்து, ஏசி மெக்கானிக் தன் வீட்டுப் படுக்கையறை ஏசியைக் கழற்றிக்கொண்டு போனான். “சர்வீஸ் பண்ணணும்” என்றான். சுவரில் இருந்த ஓட்டையை அடைத்து அதன்மேல் பெயின்டும் அடித்தபோதுதான் அவன் மனைவிக்குப் பொறி தட்டியது. திரும்பி வரப்போகும் பொருளின் இடத்தில் யார் பெயின்ட் அடிப்பார்கள்?

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் போனான். வெயில் உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டினான். கேட்டால், “பூமி சூடாகுது, நம்மளால ஆனதைச் செய்வோம்” என்றான். இத்தனை வருஷம் ஊரெல்லாம் ஏசி மாட்டியவன் வாயில் அந்தப் பேச்சு ஒட்டவே இல்லை. போன் வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசினான்.

தங்கையிடம் சொல்லி அழுதாள். தங்கை பல் டாக்டரிடம் உதவியாளர். யாரையும் வாய் திறக்க வைத்துவிடுவாள்.

“அத்தான் நல்லவர்தான்க்கா. ஆனா ஏசிக்குக் கால் முளைக்காதே. யார் வீட்டுச் சுவர்ல இருக்குன்னு பாரு.”

ஞாயிற்றுக்கிழமை அவன் கருவிப் பையோடு கிளம்பினான். அக்காவும் தங்கையும் டாக்ஸி பிடித்து அவன் ஏறிய பஸ்ஸின் பின்னாலேயே போனார்கள். ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். “வாங்க, உங்களைத்தான் பார்த்துட்டே இருந்தோம்” என்றாள். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்ற மனைவியின் காதில் அது விழுந்தது. தங்கை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

சுவரில் இருந்தது அவர்கள் ஏசிதான். மகள் ஒட்டிய மீன் ஸ்டிக்கர் கூட அப்படியே இருந்தது.

அதன் கீழே கட்டிலில் ஒருவர் அசையாமல் கிடந்தார்.

“என் வீட்டுக்காரர்” என்றாள் அந்தப் பெண், ஒன்றும் புரியாமல். “முதுகுத்தண்டு அடிபட்டுடுச்சு. வெக்கையில உடம்பெல்லாம் புண்ணாயிடும்.”

மெக்கானிக் பையைக் கீழே வைத்தான். “இவங்க பழைய ஏசியில ஓயாத கசிவு. அடைக்கவே முடியல. நான் கேஸ் நிரப்புவேன், அது வானத்துக்குப் போகும், திரும்ப நிரப்புவேன். அந்தக் கேஸ்தான் சூட்டை இன்னும் ஏத்துது. இவரைக் குளிர வைக்கிறேன்னு ஊரைச் சுட்டுட்டிருந்தேன். நமக்கு ஜன்னல் இருக்கு. இவருக்கு அது போதாது.”

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்றாள் மனைவி.

“வேணாம்னு சொல்லுவே.”

“சொல்லியிருப்பேன்தான். அப்புறம் இங்க கூட்டிட்டு வந்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன். வேர்க்கிறது எனக்கும்தானே?”

பூமியைப் பற்றி அத்தனை யோசித்தவன் இதை யோசிக்கவில்லை.

அவள் கட்டிலருகே போய், “குளிர் போதுமாங்க?” என்றாள்.

“கொஞ்சம் ஜாஸ்தி” என்றார் அவர், கூச்சத்தோடு.

ரிமோட்டை எடுத்து அவளே இரண்டு டிகிரி ஏற்றி வைத்தாள்.

திரும்பும்போது மூவரும் பஸ்ஸில் வந்தார்கள். தங்கையின் முகம் தொங்கிப்போயிருந்தது; சண்டை நடக்கும் என்று நம்பி வந்தவள்.

“அடுத்து என்ன, ஃபிரிட்ஜா?” என்று மனைவி கேட்டாள்.

“சேச்சே, இல்ல” என்றான், கொஞ்சம் தாமதமாக.

அந்தத் தாமதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.