அரியரத்தினத்துக்குச் சொன்ன உண்மையான நேரம்

இராசலிங்கம் தன்னுடைய அறுபத்தெட்டு வயதுக்குள் ஒரேயொரு நாள்தான் தமிழர்களுக்கு உண்மையான நேரத்தைச் சொன்னார். அதுவும் பழிவாங்குவதற்காக.

பழி பதினொரு வருடத்துப் பழி. டோர்ட்மண்டில் அவருடைய மகள் தர்மிகாவின் அரங்கேற்றம். அழைப்பிதழில் மாலை நான்கு மணி என்று அடித்திருந்தார். நான்கு என்றால் ஆறுக்குத் தொடங்கும். இது எங்களுக்குள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. நான்கு மணிக்கு மண்டபத்துக்குப் போகிறவர் ஒன்றில் மிருதங்கக்காரராக இருப்பார், இல்லாவிட்டால் ஜெர்மன்காரராக இருப்பார். ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. ஆனால் குத்துவிளக்கு ஏற்ற வேண்டிய பிரதம விருந்தினர் அரியரத்தினம் வரவில்லை. அழைப்பிதழில் பெயர் போட்டபிறகு வேறொருவரைக் கொண்டு விளக்கேற்றினால் ஆயுளுக்கும் பகை. ஆகவே காத்திருந்தார்கள். அரியரத்தினம் ஏழரைக்கு, பட்டுவேட்டி சரசரக்க வந்தார். வந்தவர் மைக்கைப் பிடித்து, விரலை நீட்டி என்ன சொன்னார் தெரியுமா?

"இராசலிங்கம் நாலு எண்டு அடிச்சிருக்கிறார். நாலு எண்டால் ஆறு எண்டு எனக்குத் தெரியாதோ? மிச்சம் ஒண்டரை மணித்தியாலம் கார் விட இடம் தேடினனான்!"

மண்டபம் சிரித்தது. இராசலிங்கத்தின் சொந்த மைத்துனர்கூடச் சிரித்தார்.

இரவு பத்துக்கு மண்டபக் காவலர், வாடகை நேரம் முடிந்ததென்று மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். தில்லானா மிச்சம். பிள்ளை அதைக் கார் நிறுத்துமிடத்தில், பதின்மூன்று கார்களின் வெளிச்சத்தில் ஆடி முடித்தது. மார்கழிப் பனி. பாட்டுக்காரியின் குரல் கட்டிப்போனது. ஒரு பழைய ஓப்பல் காரின் சிக்னல் விளக்கு மாத்திரம் கடைசிவரை தாளம் பிசகாமல் அடித்ததென்று பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். தர்மிகா அன்றைக்குக் கழற்றிய சலங்கையைப் பிறகு கட்டவில்லை.

இத்தனைக்கும் அரியரத்தினம் நேரம் தெரியாத மனிதரல்ல. தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஒரு நிமிடம் பிந்தாதவர். கேட்டால் விரல் நீட்டிச் சொல்வார்: "ஜெர்மன்காரன் சொல்லுறது டெர்மின், குறிச்சால் குறிச்ச நேரம். தமிழன் சொல்லுறது ஒரு பேச்சுக்கு."

அந்த விரலை இராசலிங்கம் பதினொரு வருடமாக மறக்கவில்லை.

இந்த ஆனியில் டோர்ட்மண்ட் சங்கத்து ஆட்கள் நாற்பத்திரண்டு பேர் சேர்ந்து கப்பலில் வடக்கே ஊர் பார்க்கப் புறப்பட்டபோது, இராசலிங்கம்தான் குழுத் தலைவர். அரியரத்தினமும் பெயர் கொடுத்தார். இராசலிங்கம் மறுப்புச் சொல்லவில்லை. அன்றைக்கு இரவு அவர் நன்றாக நித்திரை கொண்டார் என்று மனைவி செல்லம் சொல்கிறாள்.

ஹம்பேர்க்கில் ஏறினார்கள். லூபெக்கில் சரிந்து நிற்கிற பழைய கோட்டைவாசலைப் பார்த்து, பாதாம் பருப்பில் செய்த இனிப்பைக் கிலோக்கணக்கில் வாங்கினார்கள். கப்பலின் அறிவிப்பெல்லாம் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை, தலைவர் தமிழில் சொல்வார்தானே. கப்பலுக்கு ஐந்து மணிக்குத் திரும்ப வேண்டுமென்றால் இராசலிங்கம் மூன்று என்பார். எல்லாரும் கச்சிதமாக ஐந்துக்கு வந்து நிற்பார்கள். "பாத்தீரோ," என்று அரியரத்தினம் அவர் தோளில் தட்டினார். "நீர் மூண்டு எண்டனீர். நான் ஐஞ்சுக்கு வந்தன். கப்பல் ஓடிட்டுதோ?"

இராசலிங்கம் சிரித்தார். அந்தத் தட்டு விழுந்த இடத்தில்தான் திட்டம் பிறந்தது. பொய் சொல்லத் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் போதும். மிச்சத்தை அரியரத்தினமே கூட்டிக்கொள்வார்.

அடுத்த துறைமுகம் வார்னமுண்ட. அங்கிருந்து ரயிலில் இருபது நிமிடம் போனால் ரொஸ்டொக் நகரம். குழுவில் மற்றவர்கள் எல்லாரும் கப்பலின் பஸ்ஸில் அரண்மனை பார்க்கப் போனார்கள். பஸ் போனால் பஸ்ஸே திருப்பிக் கொண்டுவந்து விடும், ஆபத்தில்லை. அரியரத்தினம் கூட்டத்தோடு போகிற ஆளல்ல. "நான் ரொஸ்டொக்குக்குத் தனியப் போறன்" என்றார். கப்பல் வாசலில் பெரிய பலகையில், திரும்பி ஏறவேண்டிய கடைசி நேரம் '17:30' என்று எழுதி வைத்திருந்தார்கள். இராசலிங்கம் வெயிலுக்குள் குடையை விரித்து அந்தப் பலகைக்கு முன்னால் நின்றார்.

"என்ன ஐசே, மழையோ?"

"எனக்குத் தூறுது அண்ணை. நீங்கள் போங்கோ. பெரிய தேவாலயத்திலை ஒரு மணிக்கூடு இருக்கு, பன்னிரண்டுக்குப் பொம்மையள் வெளியிலை வரும். அங்கை சந்திப்பம்."

அது ஒத்திகை.

மரியா தேவாலயத்தில் அந்த மணிக்கூடு ஆறு ஆள் உயரம் நிற்கிறது. ஐந்நூறு வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் சாவி கொடுக்கிறார்கள். இராசலிங்கமும் செல்லமும் கீழே நின்று பார்க்க, பன்னிரண்டு அடித்ததும் உச்சியில் ஒரு கதவு திறந்து சீடர்கள் வரிசையாக வந்து, இயேசுவைக் கடந்து, மற்றப் பக்கத்துக் கதவால் சொர்க்கத்துக்குள் போனார்கள். கடைசியாக வந்த, காட்டிக்கொடுத்த யூதாஸின் மூக்குக்கு முன்னால் கதவு சாத்திக்கொண்டது.

"ஐயோ பாவம்," என்றாள் செல்லம். "வாசல்வரை வந்ததை வெளியிலை விட்டிட்டுப் பூட்டுறதே?"

இராசலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அழகான காட்சியை அவர் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை.

இரண்டு மணி அடிக்க, அதாவது சொன்ன நேரத்துக்குச் சரியாக இரண்டு மணித்தியாலம் கழித்து, அரியரத்தினம் தேவாலயத்துக்குள் நுழைந்தார். "எங்கை, இன்னும் தொடங்கேல்லையோ?"

"இனி நாளைக்குத்தான் அண்ணை."

"சரி விடும். பொம்மைதானே."

மூன்று பேரும் ஒரே ரயிலில் வார்னமுண்டவுக்குத் திரும்பினார்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே கப்பல், பதினொரு மாடி, வெள்ளை வெளேரென்று. மற்றப் பக்கம் பழைய வாய்க்கால், அதன் ஓரமாகக் கடைகள், ரொட்டிக்குள் மீன் வைத்து மீன் பாண் விற்கிற படகுகள். செல்லம் கடைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். அரியரத்தினம் வெளிச்சவீட்டில் ஏறப்போவதாகச் சொன்னார். இராசலிங்கம் தொண்டையைச் செருமினார். பதினொரு வருடம் அந்தச் செருமலுக்குள் இருந்தது.

"ஐஞ்சரை. ஐஞ்சரைக்கு எல்லாரும் கப்பலுக்குள்ளை நிக்கவேணும். ஆறுக்கு வெளிக்கிட்டிடும்."

"ஓம் ஓம்," என்று கண்ணைச் சிமிட்டினார் அரியரத்தினம். "ஐஞ்சரை!"

நான்கு மணிக்கே இராசலிங்கம் மேல்தட்டில் கதிரை பிடித்துவிட்டார். தொலைநோக்கி ஒன்று, வடை இரண்டு. துறைமுகத்துத் தரை முழுவதும் கண்ணுக்குக் கீழே கிடந்தது. கப்பல் ஊதிக்கொண்டு நகரும்போது சத்தம் கேட்டு அரியரத்தினம் ஓடி வருவார், கையை ஆட்டுவார். மேலிருந்து என்ன சொல்வது என்றுகூடத் தயார்: "ஒரு பேச்சுக்குச் சொன்னனான் அண்ணை!"

நாலே முக்காலுக்கு அரண்மனை பஸ் வந்து, எல்லாரும் கப்பலில் ஏறினார்கள். ஐந்தரை ஆனது. அரியரத்தினம் இல்லை. இராசலிங்கம் ஒரு வடையைச் சாப்பிட்டார். அதைப்போல ருசியான வடை அவர் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. ஐந்தே முக்காலுக்கு இந்த ருசியைச் செல்லமும் அறியட்டும் என்று மற்ற வடையோடு அறைக்குப் போனார்.

அறை வெறுமையாக இருந்தது. செல்லத்தின் கைபேசி கட்டில்மேல் சார்ஜில் கிடந்தது.

முப்பத்தெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் அவர் செல்லத்துக்கு ஒருநாளும் உண்மையான நேரம் சொன்னதில்லை. ஒன்பது மணிக் கலியாணத்துக்கு ஏழு என்பார், அவள் ஒன்பதுக்குச் சேலை கட்டி முடிப்பாள். குடும்பம் அப்படித்தான் ஓடியது. அரியரத்தினத்தையே குறி வைத்துக்கொண்டு நின்றதில், தனக்குப் பக்கத்தில் நின்றவளும் அதே ஐந்தரையைக் கேட்டுவிட்டுப் போனதை அவர் கவனிக்கவில்லை. ஐந்தரை என்றால் ஏழரை.

வடையோடு ஓடினார். வாசலில் நின்ற மாலுமி கையை நீட்டி மறித்தான். இப்போது இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்றான்.

இராசலிங்கம் ஒரு கணம் நின்றார். மேலே கதிரை இருக்கிறது, தொலைநோக்கி இருக்கிறது, பதினொரு வருடம் இருக்கிறது. ஆனால் தரையில் செல்லம் தனியாக நிற்பாள். தனியாகக்கூட இல்லை, அரியரத்தினத்தோடு நிற்பாள். அவர்தான் அவளுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பார், டோர்ட்மண்டுக்குக் கூட்டிப் போவார். பிறகு ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அந்த விரலை நீட்டிக்கொண்டு சொல்வார், இராசலிங்கம் விட்டிட்டுப் போன மனிசியை நான்தான் கொண்டுவந்து சேர்த்தனான் என்று.

இறங்கிவிட்டார்.

சரியாக ஆறு மணிக்குக் கப்பல் மூன்று தரம் ஊதியது. மேல்தட்டிலிருந்து டோர்ட்மண்ட் ஆட்கள் நாற்பது... இல்லை, முப்பத்தொன்பது பேர் அவருக்குக் கையசைத்தார்கள். தலைவர் கரையில் நின்று வழியனுப்புகிறார் என்று நினைத்துக் கைதட்டியவர்களும் உண்டு. இராசலிங்கமும் கையசைத்தார். வேறென்ன செய்வது? பிறகு கயிறு கட்டுகிற இரும்புக் கட்டையில் குந்தியிருந்து மிச்ச வடையைத் தின்றார். அதில் உப்பே இல்லை.

ஏழு இருபத்தெட்டுக்கு இரண்டு பேர் ஆடி அசைந்து வந்தார்கள். அரியரத்தினத்தின் கையில் செல்லத்தின் பை. செல்லத்தின் கையில் மீன் பாண். வழியில் சந்தித்தார்களாம்.

"என்ன இராசலிங்கம், எங்களைப் பாத்துக்கொண்டு வெளியிலையே நிக்கிறீரோ?" என்றார் அரியரத்தினம். "ஐஞ்சரை எண்டனீர், ஏழரைக்கு ரெண்டு நிமிசம் முந்தி நிக்கிறம். சொல்லும், கப்பல்..."

சொல்லிக்கொண்டே திரும்பினார். பதினொரு மாடி நின்ற இடத்தில் தண்ணீர்தான் நின்றது. தூரத்தில், கரைந்த சவர்க்காரக் கட்டி அளவில், கப்பல் தெரிந்தது.

முதலில் அவருடைய புருவம் ஏறியது. பிறகு வாய் திறந்தது. கீழ் உதடு இரண்டு தரம் துடித்தது. கடைசியாக அந்த விரல், மைக்குக்கு முன்னால் நீண்ட அதே விரல், கடலைக் காட்டப் புறப்பட்டுப் பாதி வழியில் மடங்கியது. இராசலிங்கம் ஒன்றையும் தவறவிடவில்லை. ஒரு முழத் தூரம். மேல்தட்டிலிருந்து தொலைநோக்கியால் பார்த்திருந்தால் உதட்டுத் துடிப்புத் தெரிந்திருக்காது.

"ஊதினது வேறை கப்பல் எண்டல்லோ நினைச்சம்..." என்றார் அரியரத்தினம். "நீர்... நீர் உண்மையாவே ஐஞ்சரை எண்டோ சொன்னனீர்?"

"ஓம் அண்ணை. டெர்மின்."

"ஒரு தமிழன் இப்பிடிச் செய்வானோ?"

"பிள்ளை கார் வெளிச்சத்திலை ஆடினது அண்ணை," என்றார் இராசலிங்கம். பதினொரு வருடத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அரியரத்தினம் பையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஹம்பேர்க்குக்கு ரயில் எத்தினை மணிக்கு?"

இராசலிங்கம் கைபேசியைப் பார்த்தார். "ரொஸ்டொக்கிலையிருந்து ஒன்பது பத்துக்கு."

அரியரத்தினம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கூட்டுவதா, கழிப்பதா, அப்படியே எடுப்பதா என்று கண்ணுக்குள் கணக்கு ஓடியது. பிறகு எழுபத்திரண்டு வயது மனிதர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நிலையத்தை நோக்கி ஓடத் தொடங்கினார். அப்போது நேரம் ஏழு முப்பத்தைந்து. தமிழன் சொன்ன நேரத்துக்கு அரியரத்தினம் முந்திப் போனது சரித்திரத்திலேயே அன்றைக்குத்தான்.

இராசலிங்கம் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து விட்டார். "வா செல்லம், நாங்களும் போவம்."

செல்லம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கப்பலில் கிடக்கிற கைபேசி, மருந்து, மூன்று பட்டுச் சேலை, நான்கு கிலோ பாதாம் இனிப்பு எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. பிறகு இரும்புக் கட்டையில் வசதியாகக் குந்தி, மீன் பாணின் கடதாசியை ஆறுதலாகப் பிரித்தாள்.

"ரயில் எத்தினை மணிக்கு எண்டனீங்கள்?"

"ஒன்பது பத்து. சத்தியமா ஒன்பது பத்து!"

"அப்ப பதினொண்டு பத்து," என்றாள் செல்லம். "இருங்கோ."