கட்டம் போட்ட கோட்டு சூட்டு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்னவன் நாக்கு அழுகிப்போகட்டும்.

மேலாளர் கண்ணில் ஒருநாளாவது பட்டுவிட வேண்டுமென்று குமாஸ்தா கோட்டு சூட்டு தைக்கத் துணிக்கடைக்குப் போனார்.

"இதைவிடப் பெரிய கட்டம் இருக்கா?" என்று ஒவ்வொரு துணியையும் ஒதுக்கினார்.

"அத்தான், இதுக்கே பஸ்ஸெல்லாம் நின்னுடும்" என்றான் கூடவந்த மச்சினன்.

கடையிலேயே பெரிய கட்டத்தை எடுத்து, இரட்டைப் பொத்தான் வரிசை வைத்துத் தைக்கச் சொன்னார். தைத்து மாட்டிப் பார்த்தால், தலைமுதல் கால்வரை ஒரே நீலக் கட்டத்துக்குள் மனிதர் அடங்கிவிட்டார்.

"கோடெல்லாம் எங்கய்யா?"

"பக்கத்துல இன்னொருத்தரும் மாட்டிக்கிட்டு நின்னா தெரியும் சார்" என்றார் தையல்காரர்.

மறுநாள் ஆபீஸில் மேலாளர் அவரைத் தாண்டி, பின்னாலிருந்த நீலச் சுவரைப் பார்த்து, "குமாஸ்தா இன்னைக்கு லீவா?" என்று கேட்டார்.

அந்தக் கடையில் வெள்ளைத் துணியைத் தவிர வேறெதுவும் விற்றதில்லை.