இரண்டாம் சாவுக்கு ஒரு முத்திரை

என் அம்மா பிரிமித்திவா இரண்டு தடவை செத்தவள். முதல் தடவை செத்தபோது நன்றாகத்தான் இருந்தாள்; அன்று காலையில்கூட மீன் கழுவிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டாள். இரண்டாம் தடவை உண்மையாகவே செத்தபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. நம்ப வேண்டியவர்கள் நம்பவில்லை.

எல்லாம் என் தங்கை ரோவெனாவால் வந்தது. ரியாத்தில் மேடம் ஹெஸ்ஸா என்பவரின் வீட்டில் வேலை பார்க்கிறாள். போன புதிதில் வருடக்கணக்காக ஊர்ப்பக்கமே வர முடியவில்லை. லீவு கேட்கப் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறக்கும், இல்லாவிட்டால் ஒரு கல்யாணம் வந்து நிற்கும். எங்கள் பதங்காஸ் மாகாணத்திலிருந்து வீட்டுவேலைக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் தெரிந்த கடைசி வழி ஒன்று உண்டு. அம்மாவைச் சாகடிப்பது. ரோவெனாவுக்கு அதற்கு மனசு வரவில்லை. யோசனை சொன்னதே அம்மாதான்.

"நான் செத்துட்டேன்னு சொல்லுடி. சொன்னா செத்தா போயிடப்போறேன்?"

நான் வேண்டாமென்று கத்தினேன். இந்த வீட்டில் என் பேச்சு என்றைக்கு எடுபட்டிருக்கிறது?

மேடம் அழுதுவிட்டாராம். உடனே லீவு கொடுத்து, டிக்கெட் எடுத்து, துக்க வீட்டுக்கென்று ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்பினார். ரோவெனா வந்து இறங்கியபோது அம்மா கட்டிலில் மல்லாந்து படுத்து, கைகளை நெஞ்சில் மடித்து, விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். "எந்திரிம்மா, லீவு கெடச்சிருச்சு" என்றாள் ரோவெனா. அம்மா துள்ளி எழுந்து, கட்டில் அதிரச் சிரித்தாள். பேரீச்சம்பழத்தில் பாதிக்கு மேல் அவளே தின்று தீர்த்தாள். தன் சாவுக்கு வந்ததைத் தானே தின்றவள் எங்கள் மாகாணத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ரோவெனா திரும்பிப் போன பிறகு வீடியோவில் அம்மாவின் முகத்தை மேடம் பார்த்துவிட்டார். யார் என்று கேட்டபோது, அத்தை என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள் இவள். அதிலிருந்து அம்மா அத்தையானாள். மேடத்துக்கும் முட்டி வலி, அம்மாவுக்கும் முட்டி வலி. ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. முட்டியைக் காட்டிக் காட்டியே இரண்டு பேரும் பழகிவிட்டார்கள்.

இப்போது அம்மா சந்தையில் மீன்கடை முன்னால் விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். ரோவெனா அழுதுகொண்டே மேடத்திடம் ஓடியிருக்கிறாள். மேடம் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது எத்தனாவது அம்மா?" என்று மட்டும் கேட்டாராம். மேடத்தின் வீட்டுக்காரர் அதற்கும் மேலே. இறப்புச் சான்றிதழ் வேண்டும், அதில் உங்கள் நாட்டு வெளியுறவுத் துறையின் முத்திரை வேண்டும், அது வந்தால்தான் நாட்டை விட்டு வெளியேற அனுமதி போடுவேன் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பிள்ளை வந்து முகம் பார்க்காமல் சவப்பெட்டியை எடுக்க மாட்டார்கள். அம்மா காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றிய தெலெஸ்போரோ அண்ணன், சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மேல் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இந்த வெயிலில் கடவுளே படுத்திருந்தாலும் அவ்வளவுதான் தாங்கும் என்றார்.

அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை. நகராட்சியில் சாவைப் பதிந்த சான்றிதழ் அங்கே செல்லாது. தலைநகரத்துத் தலைமைப் பதிவகம் தருகிற நகல்தான் வேண்டும். அம்மா அவர்களுடைய கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேர மாதங்கள் ஆகுமாம். நகராட்சியிலிருந்து பதிவை ஒட்டிய உறையில் வாங்கி, நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சீக்கிரம் நடக்கும் என்றார்கள். பஸ், ஜீப்னி, மறுபடி பஸ். காலையில் போய் வரிசையில் நின்று, நாளைக்கு வா என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவேன். வீட்டிலோ அடக்கம் முடியும் வரை கூட்டிப் பெருக்கக் கூடாது. துக்கத்துக்கு வந்தவர்கள் கொறித்துத் துப்பிய தர்பூசணி விதைத் தோல் தரை முழுக்க நொறுங்கும். வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே சீட்டாட்டம். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களை யாரும் வழியனுப்பவும் கூடாது என்பதால், தினமும் என் வீட்டிலிருந்து நானே திருடியைப் போல நழுவினேன். எரிச்சலில் அம்மாவின் பெட்டி முன்னால் நின்றே திட்டியிருக்கிறேன்: "பாத்தியா நீ பண்ண வேலைய."

வியாழக்கிழமை நகல் கைக்கு வந்தது. அங்கிருந்து வெளியுறவு அலுவலகத்துக்கு ஓடினேன். வாசல் காவலாளி, பத்திரத்தின் உரிமையாளர் நேரில் வந்திருக்கிறாரா என்று கேட்டான்.

"வர்ற நெலமையில இல்ல தம்பி, அவங்களுக்குத்தான் இந்தச் சான்றிதழே" என்றேன்.

அவன் தாளைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். பெற்ற மகளென்று காட்ட என் பிறப்புச் சான்றிதழைக் கையோடு வைத்திருந்ததால் உள்ளே விட்டார்கள்.

சாயங்காலம் முத்திரை குத்திய தாளோடு சான்றிதழ் கிடைத்தது. வெளியே வறுத்த வாழைப்பழம் விற்கிறவளின் குடைக்குக் கீழே நின்று, படம் எடுத்து ரோவெனாவுக்கு அனுப்பினேன். பஸ் பாதி வழி வந்தபோது பதில் வந்தது. வீட்டுக்காரர் முத்திரை எண்ணை இணையத்தில் தட்டிப் பார்த்தாராம். எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டாராம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் வீடியோ அழைப்பு. மேடம் திரையில் இருந்தார், பக்கத்தில் தலை குனிந்தபடி ரோவெனா. மேடம் கேட்டதை அவளே பெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, இந்தத் தாளுல அம்மா இந்த மாசம் செத்ததா இருக்கே, அப்ப அன்னிக்கு நான் யாருக்காக அழுதேன்னு கேக்கறாங்க."

அம்மா செத்ததை உறுதி செய்த அதே முத்திரை, அவள் அன்றைக்குச் சாகவில்லை என்பதையும் உறுதி செய்துவிட்டது. அதை வாங்கத்தானே நான் செருப்புத் தேய அலைந்தேன்.

மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பெத்த பிள்ளையைப் பார்க்கணும்னு எங்கம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னா, தப்புதான் மேடம் என்றேன். ரோவெனா அழுகையோடு பெயர்த்துச் சொன்னாள். மேடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உங்கம்மாவைக் காட்டு என்றார்.

பெட்டியின் கண்ணாடி மேல் போனைப் பிடித்தேன். சீட்டாடுகிறவர்கள்கூட எழுந்து வந்து நின்றார்கள். மேடம் திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தார்.

"இது உன் அத்தைதானே?"

"அம்மா, மேடம்" என்றாள் ரோவெனா.

மேடம் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். "என் முட்டி வலியக் கேக்க இனி யாரு இருக்கா?" என்றார். அதை ரோவெனா எனக்குச் சொல்லி முடிப்பதற்குள் அழைப்பு நின்றுவிட்டது. மறுபடி நான் கூப்பிட்டதற்கு எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க ரோவெனாவின் போன் அணைந்தே கிடந்தது. கோபத்தில் பூட்டி வைத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை மதியமே தெலெஸ்போரோ அண்ணன் ஆட்களோடு வந்துவிட்டார். பாதிரியார் வரட்டும் என்றேன். வந்தார். ஜெபம் முடியட்டும் என்றேன். முடிந்தது. காப்பி குடித்துவிட்டுத் தூக்கலாம் என்றேன். இனிமேல் சொல்ல என்னிடம் சாக்கு இல்லை. அவர் கண்ணாடிக்கு மேல் மூடியைச் சாய்க்கப் போனபோது வாசலில் ஒரு வண்டி நின்றது.

ரோவெனா பயணப் பெட்டியை விதைத் தோல் மேல் கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். கக்கத்தில் பேரீச்சம்பழப் பெட்டி. மேடமே விமான நிலையம் வரை வந்து கையில் கொடுத்தாராம். கண்ணாடி மேல் கண்ணீர் விழக் கூடாது என்று அவளைப் பின்னால் இழுத்தார்கள். அவள் கையை உதறிவிட்டுக் குனிந்தாள். அழவில்லை. அம்மா அன்றைக்கு மடித்துக் காட்டிய மாதிரியே கைகள் நெஞ்சில் மடிந்திருந்தன, விரல்களில் அதே ஜெபமாலை.

"எந்திரிம்மா" என்றாள். "லீவு கெடச்சிருச்சு."

மூடியைப் பிடித்திருந்த தெலெஸ்போரோ அண்ணன் உட்பட, அங்கிருந்த அத்தனை பேரும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.