சும்மா நின்ற மகள்

கணேசலிங்கம் ஒலிவாங்கியைத் தன் வாய்க்கு நேராக இறக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய அக்கா அருமைநாயகிக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி முடிந்திருந்தது. தென் லண்டன் தகன மண்டபத்தில் ஒரு குடும்பத்துக்கு முக்கால் மணி நேரம்தான். வெளியே அடுத்த பிரேதம் கறுப்புக் காரில் வந்து காத்து நின்றது.

முன்வரிசையில் இருந்த அருமைநாயகியின் மகள் துசியந்தி மாமாவைப் பார்க்கவில்லை. ஐயருக்குப் பக்கத்தில் நின்ற அபிஷனின் மோதிர விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கொள்ளி வைப்பவர் போடும் தர்ப்பை இருந்தது. நேற்றுப் பின்னேரம் வரைக்கும் அது அவளுக்கென்று பேசிவைத்த தர்ப்பை. அவள் ஒரே பிள்ளை. “அதுக்கென்ன பிள்ளை, காலம் மாறீட்டுது” என்று சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் மாமா போனார். விடிவதற்கிடையில் காலம் மனதை மாற்றிக்கொண்டுவிட்டது. மாமாவின் மகன் அபிஷன் வேட்டியோடு வந்து இறங்கினான். வேட்டி நழுவாமலிருக்க மேலே ஒரு லெதர் பெல்ட்.

இங்கே கொள்ளி என்பது நெருப்பு இல்லை. கீழ் அறையில் உள்ள ஒரு பச்சைப் பொத்தான். அதை எந்த விரல் அமத்துகிறதோ, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் அம்மாவின் சீதன வீடும் அந்த விரலுக்கே உரியது என்று மாமா உறவுக்குள் கதை பரப்பியிருந்தார். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது என்று துசியந்திக்குத் தெரியும். சட்டத்தில் இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வீட்டின் பூட்டை மாற்றலாம் என்பதும் தெரியும்.

மாமா தொண்டையைச் செருமினார். அக்காவைப் பற்றித் தொடங்கி, அக்காவின் தம்பியைப் பற்றித் தொடர்ந்தார். ஊர் ஒன்றியத்தின் தலைவராக அந்தத் தம்பி ஆற்றிய பணிகளை அக்கா எவ்வளவு மெச்சினார் என்று சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கா லண்டனுக்கு வருமுன் பெல்ஜியத்தில் ஒரு பிரபுக் குடும்பத்தின் மரபுரிமைப் பொறுப்பாளராக விளங்கியதை அறிவித்தார்.

விளங்கியது உண்மைதான். வாளியும் மொப்பும் கொண்டு விளங்கினார். பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக்கு அப்பால் ஒரு சிறிய ஊரின் தேவாலயத்தில், மாக்தெல்ட் என்ற சீமாட்டியின் கல்லறையைச் சுற்றி நிலம் துடைப்பது அம்மாவின் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வரும் துசியந்தி, சுவரிலிருந்த டச்சு வாசகத்தைத் தமிழில் சொல்லிக் கொடுப்பாள். மாக்தெல்டுக்கு ஆறு வயதில் தகப்பன் இறந்தான். இரண்டு ஆற்றுப் பாலங்களுக்கும் அவற்றை அண்டிய மாவரைக்கும் ஆலைகளுக்கும் அந்தக் குழந்தையே சொந்தக்காரி. ஆகவே அவளைக் கலியாணம் முடிக்க வீரர்களுக்குள் அடிபாடு. முதல் புருசன் அவளைவிட முப்பது வயது மூத்தவன். இரண்டாமவன் சிலுவைப் போருக்கென்று புறப்பட்டு, வழியில் வயிற்றுப்போக்கில் செத்தான். கல்லில் அவனுக்கு வாள் செதுக்கியிருந்தது. மாக்தெல்டுக்கு ஒரே ஒரு மகள். தாயின் செத்தவீட்டன்று தாய்மாமன் மகன் குடும்பக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தான். அடுத்த கிழமை ஆலைகளும் அவனுடையவை.

அம்மாவுக்கு இந்தக் கதை அலுத்ததே இல்லை. யார் எந்தக் கோட்டையைப் பிடித்தான் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மொப்பை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

“அப்ப அந்தப் பெட்டை என்ன செய்தது? சும்மா நிண்டதோ?”

சுவரில் அதைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை. அதை மட்டும் துசியந்தியால் தமிழில் சொல்ல ஏலாமல் போனது.

போன வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில், ஒட்சிசன் குழாயை ஒதுக்கிவிட்டு அம்மா சொன்னார்: “கொள்ளி நீதான் பிள்ளை. சும்மா நிக்காதை.” அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது மாமா மாக்தெல்டின் வம்சத்துக்குள் இறங்கியிருந்தார். அந்தக் குடும்பத்தின் கொடியையும் நமது பூட்டனாரின் முதலியார் பட்டத்தையும் ஒப்பிட்டு, இரண்டிலும் சிங்கம் இருந்ததாகக் கண்டுபிடித்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஐயர் தன் கைபேசியில் நேரம் பார்த்தார். எழும்பினால் என்ன சொல்வார்கள், எழும்பாவிட்டால் என்ன ஆகும் என்று துசியந்தி மாறி மாறி நினைத்தாள். அம்மாவின் பெட்டியைப் பார்க்க முடியவில்லை.

பக்கத்துக் கதவு திறந்தது. கறுப்பு உடுப்புப் போட்ட மண்டபத்து வெள்ளைக்காரப் பெண் மாமாவைப் பார்த்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். மாமா அதை வணக்கமாக எடுத்துக்கொண்டு தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தார். அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வேறொருவர் வந்து மேடையின் திரையை இழுத்தார். பெட்டி மறைந்தது. மாமா திரைக்கு முதுகு காட்டி நின்றதால் அதைக் கவனிக்கவில்லை.

அந்தப் பெண் முன்வரிசைக்கு வந்து குனிந்தாள். கீழே போகிறவர் இப்போதே வரவேண்டும், இல்லாவிட்டால் மண்டபத்து ஆட்களே பொத்தானை அமத்திவிடுவார்கள் என்று மெல்லச் சொன்னாள்.

அபிஷன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் மகனைப் பார்க்கவில்லை. ஒலிவாங்கியை விட்டால்தான் மகனை அனுப்பலாம். பேச்சோ பூட்டனாரிலிருந்து பாட்டனாருக்குக்கூட இன்னும் வந்து சேரவில்லை.

துசியந்தி எழும்பினாள்.

“மச்சாள்,” என்றான் அபிஷன் தாழ்ந்த குரலில். “ஐ டோன்ட் வான்ட் திஸ். அப்பா கேட்டா வேட்டி கழண்டு போச்செண்டு சொல்லுறன்.” தர்ப்பையைக் கழற்றி அவளுடைய கையில் வைத்துவிட்டு, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கழிவறைப் பக்கம் போனான்.

கீழே போகும் படிக்கட்டில் பெண்கள் இறங்குவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. பின்னால் ஒரு மாமி “எங்க பிள்ளை போறாய்” என்றார். துசியந்தி திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

அறை சின்னது, வெளிச்சம் கூடியது. மேலேயிருந்து இறக்கிய பெட்டி உலையின் கதவுக்கு முன்னால் தயாராக இருந்தது. மேலே நடப்பது கேட்கவென்று சுவரில் ஒரு ஒலிபெருக்கி. அதற்குள் மாமா பேசிக்கொண்டிருந்தார். இப்போது பாட்டனாருக்கு வந்திருந்தார்.

அந்தப் பெண் பொத்தானைக் காட்டினாள். துசியந்தி தர்ப்பையை விரலில் மாட்டினாள். கொஞ்சம் பெரிதாக இருந்தது. அமத்தினாள். கதவு மேலேறியது, பெட்டி உள்ளே போனது, கதவு இறங்கியது.

“விடலாம் இனி,” என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். “அது தன்பாட்டில் வேலை செய்யும்.”

துசியந்தி தலையாட்டினாள். விரல் பொத்தானிலேயே இருந்தது.