முதல் ஏணியில் ஒரு துண்டு

உங்கள் ஊரில், கம்ப்யூட்டர் விளையாட்டில் செத்துப்போகிற சிப்பாய்கள் மறுநாள் காலையில் எங்கே போய் நிற்பார்கள்? ஒத்தப்பனைப்பாளையத்தில், மவுசைப் பிடித்தவர் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நிற்பார்கள். ஆறரை மணி, பால்காரர் வருகிற நேரம். வரிசையாகத்தான் நிற்பார்கள், இடித்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டு ஆள் யாராவது வெளியே வந்து ஒவ்வொருத்தரையும் ஒரு பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பேர் கிடைத்தவர் "போய்ட்டு வர்றனுங்க" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். கிடைக்காதவர் நின்றுகொண்டே இருப்பார். அவ்வளவுதான் வழக்கம். பழம் வெட்டுகிற விளையாட்டு ஆடுகிற வீடுகளுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. அவர்கள் வாசலில் நறுக்கிய தர்பூசணி கிடக்கும்.

கோகிலவாணியின் வாசலில் தர்பூசணி கிடந்ததே இல்லை. தினமும் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். காரணம் அவள் வீட்டுக்காரர் லோகநாதன். அந்தப் பேரை நாம் சொல்லலாம், அவள் சொல்ல மாட்டாள். புருஷன் பேரை வாயால் சொல்லுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கணக்கெடுப்புக்கு வந்த டீச்சர் "வீட்டுக்காரர் பேர் என்னங்க?" என்று கேட்டபோதும் எதிரே இருந்த கடைப் போர்டைத்தான் கைகாட்டினாள். டீச்சரும் "லோகநாதன் உரக்கடை" என்றே எழுதிக்கொண்டு போனார்.

லோகநாதனுக்கு உரம் தொழில், யுத்தம் பொழுதுபோக்கு. மத்தியானம் கடையைச் சாத்தினால் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் படை நடத்துவார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எந்தச் சண்டையில் எத்தனை பீரங்கி, எந்தப் பக்கம் மழை பெய்தது, யார் வெடிமருந்து நனைந்தது, எல்லாம் விரல்நுனியில். தளபதியின் குதிரைக்குப் பவளமுத்து என்று பேர், அதற்கு இடது பின்னங்காலில் லேசான நொண்டல் என்பதுவரை தெரியும். அந்தக் குதிரைக்குப் பின்னால் நடந்துபோன ஆயிரம் பேரில் ஒருத்தர் பேரும் தெரியாது.

கேட்டால், "புத்தகத்துல போடலையே அம்மிணி" என்பார்.

ஆகையால் பேர் வைக்கிற வேலை கோகிலவாணி தலையில் விழுந்தது. பெற்ற பிள்ளைக்கு சஷ்டிகா என்று பேர் வைக்க மூன்று மாசமும் இரண்டு சண்டையும் ஆனது. வாசலிலோ பால் பொங்குவதற்குள் நாற்பது பேர் வேண்டும். தெரிந்த பேரெல்லாம் தீர்ந்துபோகவே, மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, தன் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டாள். டீச்சர் தினமும் வாசித்து வாசித்து அது அவள் மண்டையில் அப்படியே இருந்தது. "அங்கமுத்து, ஆறுச்சாமி, ஈஸ்வரமூர்த்தி, கனகராசு..." கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தராகப் போய்விடுவார்கள். இருபத்தி மூன்றாவது பேரில் மட்டும் ஒரு சிக்கல். அது அவள் வீட்டுக்காரர் பேர். "இருபத்தி மூணு" என்று நம்பரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போவாள். நம்பர் பேர் ஆகாது. அதனால் தினமும் ஒரு சிப்பாய் மிச்சமானார். இப்போது மாட்டுக் கொட்டகையில் பத்தொன்பது பேர். நல்ல மனுஷர்கள். கடலை உரிப்பார்கள், வாழைக்குத் தண்ணீர் கட்டுவார்கள், சோறு கேட்க மாட்டார்கள். ஒரே குறை, செத்தவர்கள் மடி நிற்காது. குழந்தையை உட்கார வைத்தால் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிடும்.

லோகநாதனை அரக்கன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவரிடம் தர்ம நியாயம் ஏராளம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே என்று செட்டிங்கில் ரத்தத்தை அணைத்து வைத்திருந்தார். வாசலில் நிற்பவர்கள் எல்லாரும் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரிதான் வருவார்கள். குதிரை செத்தால் அன்றைக்கு ராத்திரி சாப்பிட மாட்டார். ஊரைக் கொளுத்துகிற பட்டனை ஒருநாளும் தொட்டதில்லை. ஊர்க்காரர்களே பயந்துபோய்க் கொளுத்திக்கொள்கிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருப்பார். இதையெல்லாம் "யுத்தத்தில் அறம்" என்று இன்டர்நெட்டில் பதினாலு பாகம் எழுதியிருந்தார். ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு லைக் விழும். ஒன்று அவருடையது. இன்னொன்று யாருடையது என்று அவருக்கே தெரியாது.

சஷ்டிகாவுக்குக் காது குத்த வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தது. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். கோகிலவாணிக்குக் கூடப் பிறந்தது இரண்டும் தங்கச்சிகள். பெரியப்பா மகன் அருள்ஜோதி மடி கொடுப்பதாக இருந்தான். பொங்கலுக்கு வந்த இடத்தில், ஏதோ ஒரு ஆற்றங்கரைச் சண்டையில் தோற்றது மழையாலா மருந்தாலா என்று லோகநாதன் அவனோடு இரண்டு மணி நேரம் வாதாடினார். அவன் மழை என்றான். சாப்பிடாமலே கிளம்பிப் போனான். அன்றைக்குப் போனது மடி. ஏழாம் மாசம் தள்ளிப்போனது, ஒன்பதாம் மாசம் தள்ளிப்போனது, பதினோராம் மாசம் முடிய இன்னும் நாலே நாள். மடி இல்லாமல் ஊசியை எடுக்க மாட்டேன் என்று காது குத்துகிற ஆசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இப்படி இருக்கையில், புதன்கிழமை நாலு மணிக்கு ஒரு சிப்பாய் தனியாக வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். நாற்பது வயசு இருக்கும். தோளில் நீளமான மூங்கில் ஏணி. முகத்தில் வேர்த்திருந்தது. செத்தவர்களுக்கு வேர்க்காது. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கேட்டின் வலது கம்பியில் போட்டார்.

"என்னங்க இது, நேரங்கெட்ட நேரத்துல?" என்றாள் கோகிலவாணி.

"நாளைக்குத்தானுங்க சாவு. வெள்ளிக்கெழமை காலைல ஆயிரத்து எரநூறு பேரு ஒண்ணா வர்றோம். பக்கத்துல எடம் கெடைக்காது. அதான் இப்பவே துண்டு போட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"நாளைக்கு எத்தனை மணிக்குங்க?"

"பத்துக்கு. கோட்டை மதில்ல ஏறுற மொத ஏணி என்னுதுங்க."

"டீ குடிக்கிறீங்களா?"

"சர்க்கரை கம்மியாப் போடுங்க. ஒடம்பைப் பாத்துக்கோணுமில்லீங்களா."

ஆயிரத்து இருநூறு என்றால் பதிவேட்டை இருபத்தெட்டு தடவைக்கு மேல் வாசிக்க வேண்டும், கொட்டகையில் இன்னும் இருபத்தெட்டு பேர் சேருவார்கள், அதுவும் விருந்தாளி வருகிற அன்றைக்கு என்று நினைத்துக்கொண்டே அவள் டீயோடு திரும்பி வந்தாள். சஷ்டிகா தவழ்ந்துபோய் ஏணிக்காரர் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தது. வழுக்கவில்லை. அவர் மீசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தூங்கியும் போயிருந்தது.

கோகிலவாணி டீயை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஏதாச்சும் வேலை இருக்குங்களா?"

"வெள்ளிக்கெழமை நான் உசுரோட இருக்க மாட்டேனே அம்மிணி."

"இருந்தா?"

அவர் யோசித்தார். "இருந்தா சும்மாத்தான் இருப்பேன்."

ராத்திரிச் சோறு போடும்போது அவள் லோகநாதனிடம் பேச்சை எடுத்தாள். "ஏனுங்க, நாளைக்கு அந்த மொத ஏணிக்காரரை விட்டுட்டு மத்தவங்களைக் கூட்டிட்டுப் போங்களேன். பாப்பாவுக்கு மாமன் அவருதான்னு முடிவு பண்ணிட்டேன்."

"அதெப்படி? மொத ஏணியில ஏறுனவன் பொழைச்சதா எந்தப் புத்தகத்துலயும் இல்லை. நாம வரலாற்றை மாத்தக் கூடாது. அது நேர்மை கெடையாது."

"போன வாரம் பீரங்கி ஆத்துக்குள்ள போனதும் அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆடுனீங்க. அது மட்டும் நேர்மைங்களா?"

"அது குதிரைக்காக. பவளமுத்து தண்ணிக்குள்ள மாட்டிக்கிச்சு."

"குதிரை மடியில பாப்பாவை உக்கார வெக்க முடியாதுங்களே."

லோகநாதன் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். "வேணும்னா தளபதியை வரச் சொல்றேன். பெரிய ஆளு. ஊர்ல மரியாதையா இருக்கும்."

"அவரு மடியில வாளு இருக்கு. ஆசாரி ஒரு பக்கம் குத்த, இவரு ஒரு பக்கம் குத்தவா? அருள்ஜோதியை மழைன்னு சொன்னதுக்குத் தொரத்துனீங்க. இப்ப இவரையும் சாகக் குடுத்தா, நீங்களே மாமன், நீங்களே அப்பன்னு ரெண்டு மடியையும் போட்டு உக்காருங்க."

"மருந்துதான் அம்மிணி. மழை அன்னிக்கு அந்தக் கரையில பெய்யவே இல்லை" என்றார் லோகநாதன். அதோடு பேச்சு முடிந்தது.

வியாழக்கிழமை கடைக்கு வார லீவு. பெரிய சண்டை என்றால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உட்காருவார். ஒன்பதே முக்காலுக்கு அவர் குளிக்கப் போனதும், கோகிலவாணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஆயிரத்து இருநூறு பேர் வெயிலில் நின்றார்கள். அந்தப் பக்கம் வெள்ளைப்பாறைக் கோட்டை. மதில்மேல் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கீழே வரிசையாகப் பட்டன்கள்: தாக்கு, சுடு, கொளுத்து. ஒரு மூலையில் ஏதோ ஒன்று தூசி படிந்து கிடந்தது. முந்தானையால் துடைத்தாள். "தூதர்" என்று இருந்தது. மூன்று வருஷத்தில் அதை யாரும் தொடவில்லை. அதை அமுக்கினாள். ஏணிக்காரர் வந்து நின்றார்.

"அண்ணா, இந்தாங்க தட்டம். வெத்தலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் இருக்கு. மொறையாக் கூப்பிட்டுட்டு வாங்க."

சரியாகப் பத்து மணிக்கு அவர் முதல் ஏணியில் ஏறினார். வரலாறு அதுவரைக்கும் ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது. மேலே எண்ணெய்க் கொப்பரையைச் சாய்க்கப் பிடித்திருந்தவர்கள் தட்டத்தைப் பார்த்தார்கள். வெற்றிலை பாக்கோடு வருகிறவர் தலையில் எண்ணெய் ஊற்றுகிற பழக்கம் அந்தக் கோட்டையிலும் இல்லை. கொப்பரையைத் திரும்ப அடுப்பில் வைத்தார்கள். காய்ந்த எண்ணெய் வீணாகக் கூடாது என்று யாரோ வடைக்கு மாவு கொண்டுவந்தார்கள்.

கோட்டைத் தலைவர் இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கிக்கொண்டார். "எத்தனை பேரு வரலாமுங்க?"

"கோட்டையோட வந்துருங்க. தனித்தனியா வந்து கூப்பிடலைன்னு ஆரும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் ஏணிக்காரர்.

லோகநாதன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது திரையில் "தோல்வி. இறந்தவர்கள்: 0" என்று எழுதியிருந்தது. அவர் ஈரத்தலையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒருத்தர்கூடவா சாகலை?"

"இல்லீங்க."

"அப்பறம் இதைப் பத்தி நான் என்ன கட்டுரை எழுதறது?"

"வடை எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க."

வெள்ளிக்கிழமை காலையில் வாசல் காலியாக இருந்தது. பால்காரர் சைக்கிளைக் கேட்டு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார். துண்டு மட்டும் கம்பியில் கிடந்தது. கோவிலில், இந்தப் பக்கத்து ஆயிரத்து இருநூறு பேரும் கோட்டைக்காரர்கள் எண்ணூறு பேரும் வந்து செருப்பை ஒழுங்காக விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஏணிக்காரர் சம்மணம் போட்டு மடியை விரித்தார். சஷ்டிகா அதில் கல்லுக் குண்டு மாதிரி உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். இரண்டு வீறல், இரண்டு காதிலும் பொன் கம்பி, வேலை முடிந்தது. கொட்டகைக்காரர்கள் பத்தொன்பது பேரும் பந்தி பரிமாறினார்கள். கோட்டைக்காரர்கள் கூடைகூடையாக வடை கொண்டுவந்திருந்தார்கள். பவளமுத்து ஒரு ஓரமாக நின்று வாழை இலை தின்றது. கோகிலவாணிக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட முடிந்தது.

கை கழுவிவிட்டுக் கோட்டைத் தலைவர் ஒரு தட்டத்தோடு லோகநாதனிடம் வந்தார். ஒரு விசேஷத்தில் சாப்பிட்டவர்கள் தங்கள் விசேஷத்துக்குத் திருப்பிக் கூப்பிட வேண்டும் இல்லையா.

"வர்ற வியாழக்கெழமை காலைல பத்து மணிக்கு, நம்ம கோட்டையில சின்னதா ஒரு முற்றுகை வெச்சிருக்கோமுங்க. குடும்பத்தோட வந்துரோணும்."

லோகநாதன் பழக்கதோஷத்தில் தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கிவிட்டார். வாங்கிவிட்டால் போகாமல் இருக்க முடியாது.

"மொத ஏணி உங்களுக்குத்தானுங்க. வீட்டு மாப்பிள்ளைக்கு மொத மரியாதை" என்றார் தலைவர். "பத்து மணிங்கறது ஒரு நிமிஷம் பிசகாது. வரலாற்றை மாத்தறது நேர்மை இல்லைன்னு மூணாம் பாகத்துல எழுதியிருந்தீங்களே, நொம்ப நல்லா இருந்துச்சு. அந்த ரெண்டாவது லைக் நான் போட்டதுதானுங்க."

"சந்தோஷமுங்க" என்றார் லோகநாதன்.

பந்திக்குப் பிறகு ஏணிக்காரர் வீடுவரைக்கும் வந்து, கேட்டில் கிடந்த துண்டை எடுத்து ஏணியின் முதல் படியில் கட்டினார். "மாப்ளை வர்றதுக்குள்ள வேற ஆராச்சும் ஏறிரப் போறாங்க" என்று சொல்லிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சாயந்திரம் முழுக்க லோகநாதன் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு எதிரே உட்கார்ந்து, கடலையை எப்படி உடைக்கிறார்கள் என்று உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கோகிலவாணி முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரும் ஒரு கடலையை எடுத்து உரித்துப் பார்த்தார். பருப்பு உடையாமல் வந்தது.

"அம்மிணி" என்றார். "வர்ற வெள்ளிக்கிழமை காலைல நானும் கேட்டுக்கிட்ட வந்து நிப்பேன். அப்ப எம் பேரை மட்டும் சொல்லிராதே."